இரண்டு கை, இரண்டு கால்: கணினியில் டிரம்ஸ் புரோகிராம் செய்வது

வணக்கம் நேயர்களே. ஒரு கணினி, ஒரு ஹெட்போன், ஒரு சின்ன கீபோர்டு, இவ்வளவையும் படுக்கையறை மேசையிலேயே வைத்துக்கொண்டு பாட்டு செய்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். மெட்டு நன்றாக அமைந்திருக்கும், பாடியவர் உருகிப் பாடியிருப்பார், கிட்டார்கூட நேரில் வாசித்துப் பதிவு செய்ததாக இருக்கும். டிரம்ஸ் உள்ளே வந்ததும் பாட்டு விறைத்துப்போய் நிற்கும். எனக்குக் கேட்கக் கொடுக்கிற பாட்டுகளில் அடிக்கடி காண்கிற குறை இது. கொடுப்பவர்கள் கேட்கிற கேள்வியும் அநேகமாக ஒன்றுதான்: எந்த சாஃப்ட்வேர் வாங்கினால் நிஜ டிரம்ஸ் மாதிரி வரும்? நான் சொல்லும் பதில் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற சாஃப்ட்வேரே பெரும்பாலும் போதும். அந்த டிரம்ஸுக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்து வாசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நோட் வைக்கிறீர்களா, அதாவது ஒவ்வொரு அடிக்கும் திரையில் புள்ளி வைக்கிறீர்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஏனென்றால் ஒலி என்ற பிரச்சினை பெரிய அளவில் தீர்ந்துவிட்டது. 1980ல் அமெரிக்காவில் ரோஜர் லின் என்ற கிட்டார் கலைஞர் எல்எம்-1 என்ற கருவியைக் கொண்டுவந்தார். நிஜ டிரம்ஸை அடித்துப் பதிவு செய்து, அந்த ஒலியையே சில்லுகளில் வைத்துத் தந்த முதல் டிரம் மெஷின் அது. விலை கிட்டத்தட்ட 5,000 டாலர். அந்த விலைக்கும் அதில் கிராஷ், ரைடு என்கிற சிம்பல்கள், அதாவது குச்சியால் அடிக்கிற உலோகத் தட்டுகள், கிடையாது. சிம்பல் ஒலி அடங்குவதற்கு நேரமாகும், அவ்வளவு நீள ஒலியைச் சேமிக்கும் நினைவகம் அன்றைக்குக் கட்டுப்படியாகாத விலை. அங்கிருந்து நாம் எங்கே வந்திருக்கிறோம் பாருங்கள். ஸ்வீடனின் டூன்டிராக் நிறுவனம் 2017ல் வெளியிட்ட சுபீரியர் டிரம்மர் 3-க்காக பெல்ஜியத்தின் கேலக்ஸி ஸ்டுடியோவில் ஜார்ஜ் மாஸன்பர்க் என்ற புகழ்பெற்ற ஒலிப்பதிவாளர் பதிவு செய்து கொடுத்த ஒலிகள் மட்டும் 230 ஜிபிக்கு மேல். அடியில் கம்பி கட்டிய ஸ்னேர் என்கிற டிரம்மை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஒன்றையே மெதுவாக, கொஞ்சம் அழுத்தி, பலமாக என்று படிப்படியாக அடித்து, ஒவ்வொரு படியிலும் பல தடவை அடித்து வைத்திருப்பார்கள். அடுத்தடுத்த இரண்டு அடிகள் அச்சாக ஒன்றுபோல இருந்துவிடக் கூடாது என்பதற்காக, சாஃப்ட்வேர் அவற்றை மாற்றி மாற்றி எடுத்து ஒலிக்கும். காசு செலவு செய்ய முடியாதவர்களுக்கு எம்டி பவர் டிரம் கிட் இலவசமாகக் கிடைக்கிறது, ஹைட்ரஜன் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. தொடங்குவதற்கு இவை தாராளம்.

சரி, இப்போது ரேடியோவைக் கேட்டுக்கொண்டே ஒரு வேலை செய்யுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் வேண்டாம், வீட்டில் இருப்பவர்கள் மட்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நிதானமாக எண்ணுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் வலது கையால் தொடையில் இரண்டு தட்டு, அது ஹை-ஹாட், காலால் திறந்து மூடுகிற ஜோடி சிம்பல். இரண்டிலும் நான்கிலும் இடது கை, அது ஸ்னேர். ஒன்றிலும் மூன்றிலும் வலது கால் தரையில், அது கிக், காலால் அடிக்கிற பெரிய டிரம். உலகத்தில் எத்தனையோ பாப், ராக் பாட்டுகள் இந்த ஒன்றின் மேல்தான் ஓடுகின்றன. இப்போது பல்லவி முடிந்து அடுத்த பகுதி தொடங்குகிற இடத்தில் கிராஷ் அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கையால் அடிப்பீர்கள்? வலது கை ஹை-ஹாட்டில் இருக்கிறது, அதை எடுத்துத்தான் கிராஷுக்குக் கொண்டுபோக வேண்டும், அப்படியானால் அந்த எண்ணில் ஹை-ஹாட் ஒலிக்காது, கையைத் திரும்பக் கொண்டுவருவதற்குள் அடுத்த தட்டும் சில நேரம் போய்விடும். ஒரு டிரம்மர் வாசிக்கும்போது இதெல்லாம் தானாக நடக்கிறது. மவுஸால் கட்டத்தில் புள்ளி வைக்கும்போது எதுவும் தடுப்பதில்லை, அதனால் கிராஷும் ஹை-ஹாட்டும் ஸ்னேரும் ஒரே இடத்தில் அடிபடும். கேட்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் இது மனிதன் வாசித்ததில்லை என்று அவர் காதுக்குத் தெரிந்துவிடும்.

அதனால் நோட் வைத்து முடித்ததும் பார் பாராக, அதாவது நான்கு நான்கு எண்ணிக்கையாகப் பாருங்கள். ஒரே நேரத்தில் கையால் அடிக்கிற ஒலிகள் மூன்று இருந்தால் ஒன்றை அழித்துவிடுங்கள். டாம் என்கிற டிரம்களில் ஃபில், அதாவது அடுத்த பகுதிக்குப் போகும் முன் நிரப்புகிற வாசிப்பு, உருட்டும்போது இரண்டு கையும் அங்கே இருப்பதால் ஹை-ஹாட் நிற்க வேண்டும். வேண்டுமானால் இடது கால் பெடலை மிதித்து ‘சிக்’ என்று எண்ணிக்கை காட்டலாம், அதற்கென்று தனி நோட்டே இருக்கிறது. இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்கிற முறைக்கு மிடி என்று பெயர், எந்த ஒலிக்கு எந்த எண் என்று வகுத்து 1991ல் வந்த ஜெனரல் மிடி முறைப்படி கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹை-ஹாட் 42, பெடல் 44, திறந்த ஹை-ஹாட் 46. பல சாஃப்ட்வேர்கள் இன்றைக்கும் இதை ஒட்டித்தான் நோட்டுகளை அடுக்கியிருக்கின்றன. திறந்த ஹை-ஹாட் ஒலித்துக்கொண்டிருக்கும்போது மூடிய நோட் வந்தால் திறந்த ஒலி அங்கேயே அறுபட வேண்டும். உங்கள் சாஃப்ட்வேரில் அப்படி அறுபடுகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். அப்புறம், கிராஷைத் தனியாக அடிக்காதீர்கள். டிரம்மர்கள் அநேகமாக எப்போதும் கூடவே கிக்கையோ ஸ்னேரையோ சேர்த்துத்தான் அடிப்பார்கள். கிராஷுக்கு உடம்பு அங்கிருந்துதான் வருகிறது.

இனி அடியின் பலம். 1983ல் வந்த மிடியில் ஒவ்வொரு அடிக்கும் 1 முதல் 127 வரை ஒரு பலம் உண்டு, வெலாசிட்டி என்கிறோம். மவுஸால் வைத்தால் எல்லா அடியும் 100 என்றே விழுகிற சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன, பாதிப் பேர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அத்தனை ஜிபி ஒலியை வாங்கி வைத்துக்கொண்டு அதில் ஒரு படியை மட்டும் பயன்படுத்துவது எவ்வளவு வீண், யோசித்துப் பாருங்கள். ஹை-ஹாட்டில் எண்ணோடு விழும் தட்டு 95, இடையில் விழும் தட்டு 65 என்று வைத்துப் பாருங்கள், உடனே ஒரு நடை வந்துவிடும். இரண்டு கையாலும் மாற்றி மாற்றி அடிக்கிற வேகமான பகுதியில், வலது கை பழக்கமுள்ள ஒருவரின் இடது கை கொஞ்சம் மெலிந்துதான் விழும், அதையும் எழுதுங்கள். ஃபில் முழுக்க ஒரே பலத்தில் போகாது, பெரும்பாலும் மெதுவாகக் கிளம்பி கிராஷில் போய் முடியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஸ்னேரில் வருகிற கோஸ்ட் நோட். இரண்டிலும் நான்கிலும் விழுகிற பெரிய அடிகளுக்கு நடுவே, குச்சி தோலைத் தொட்டதா இல்லையா என்கிற அளவில் விழுகிற சின்ன அடிகள். மிருதங்கம் கற்றவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், சொற்களுக்கு நடுவே கை மெல்ல நிரவிக்கொண்டே போகும், அதை எடுத்துவிட்டால் வாசிப்பு காய்ந்துவிடும். அமெரிக்க டிரம்மர் பெர்னார்ட் பர்டியின் பெயரால் பர்டி ஷஃபிள் என்று ஒரு வாசிப்பு இருக்கிறது. அது ஓர் எண்ணை மூன்றாகப் பிரிக்கிற நம் திஸ்ர நடைதான்: த-கி-ட, த-கி-ட. ஹை-ஹாட் த-விலும் ட-விலும் விழும், நடுவில் இருக்கிற கி-யில் இடது கை ஸ்னேரில் கோஸ்ட் நோட்டாக விழும். வாயால் சொல்லிப் பாருங்கள், கி-யை மட்டும் முணுமுணுத்து. அந்த கி-க்கு 25லிருந்து 40க்குள் வெலாசிட்டி கொடுங்கள், பெரிய அடிக்கு 115 கொடுங்கள். எல்லாவற்றையும் 100ல் வைத்துக் கேட்டால் கட்டடத்தில் ஆணி அடிப்பது மாதிரி இருக்கும், பலத்தைப் பிரித்ததும் அதே நோட்டுகள் நடக்க ஆரம்பிக்கும். கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்களை வாயால் சொல்கிற கலை, தெரிந்தவர்களுக்கு இதில் பெரிய வசதி இருக்கிறது, வாயில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் நோட் வைப்பார்கள். தெரியாதவர்களும் த-க-தி-மி, த-கி-ட அளவுக்காவது பழகிக்கொள்ளலாம்.

காலப்பிரமாணம் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் கை போகிற இடம் ‘ஹியூமனைஸ்’ பட்டன். குவாண்டைஸ் போட்டு எல்லாவற்றையும் கட்டத்தில் கச்சிதமாக உட்காரவைத்துவிட்டு, பிறகு இந்தப் பட்டனை அழுத்தி நோட்டுகளை இங்கும் அங்குமாகக் கலைத்துவிட்டால் நிஜமாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. நல்ல டிரம்மரின் விலகல் அப்படிக் கலைந்து கிடப்பதில்லை. 2011ல் ஹோல்கர் ஹென்னிக் என்ற இயற்பியலாளரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் இதை அளந்து பிளாஸ் ஒன் என்ற ஆய்விதழில் வெளியிட்டார்கள். மனிதர்களின் வாசிப்பில் ஒரு அடி கொஞ்சம் தள்ளி விழுந்தால் அதன் சாயல் பின்னால் வருகிற அடிகளிலும் நெடுந்தூரம் தொடர்கிறது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கலைத்த தாளத்தைவிட இந்தத் தொடர்பு உள்ள தாளத்தையே கேட்டவர்கள் விரும்பினார்கள். லயம் உள்ளவருக்கு இது ஆச்சரியமே இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். கிக்கைக் கட்டத்திலேயே விடுங்கள். சோகமான, மெதுவான பாட்டு என்றால் ஸ்னேரை முழுக்கவே 5லிருந்து 10 மில்லிசெகண்ட் பின்னால் தள்ளுங்கள், எல்லா ஸ்னேரையும், ஒரே திசையில். நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை ஓடுகிற பாட்டில் ஓர் எண்ணுக்கு 500 மில்லிசெகண்ட், அதில் 10 என்பது ஐம்பதில் ஒரு பங்கு, ஆனாலும் பாட்டு சாய்ந்து உட்காருவது தெரியும். துள்ளலான பாட்டில் ஹை-ஹாட்டை ஒரு நூல் முன்னால் தள்ளிப் பாருங்கள். பாட்டு ஏறுகிற இடத்தில் வேகத்தையே நிமிடத்துக்கு ஒன்று இரண்டு எண்ணிக்கை கூட்டலாம், மேடையில் வாசிக்கிற குழுக்கள் அறியாமலே செய்வதுதான் அது.

இதைவிட நேர்வழி ஒன்று உண்டு: மவுஸை விட்டுவிட்டு வாசியுங்கள். நம் மெல்லிசைக் குழுக்களில் ஆக்டோபேட், அதாவது குச்சியால் அடிக்கிற மின்னணுப் பேட், வாசிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அந்தப் பேடைக் கணினியோடு இணைத்து வாசித்தால் பலமும் காலமும் கையிலிருந்தே வந்துவிடும். பேட் இல்லையா, கீபோர்டில் இரண்டு விரலால் கிக்கும் ஸ்னேரும் வாசியுங்கள், இரண்டாம் சுற்றில் ஹை-ஹாட்டை மேலே ஏற்றுங்கள். பிசகிய இடங்களை மட்டும் திருத்துங்கள், குவாண்டைஸைப் பாதி அளவுக்கு மேல் போடாதீர்கள். டிரம்மர்கள் வாசித்துப் பதிவு செய்த மிடி கோப்புகள் இந்த சாஃப்ட்வேர்களுடனேயே நிறைய வருகின்றன, எடுத்து வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் அந்த டிரம்மர்கள் உங்கள் பாட்டைக் கேட்டு வாசிக்கவில்லையே. கிக்கை உங்கள் பேஸ் கிட்டாரோடு பொருத்துங்கள், பாடகர் சொல்லை நீட்டுகிற இடத்தில் வருகிற ஃபில்லை எடுத்துவிட்டு அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் வையுங்கள்.

நம் பாட்டுகளில் பறையோ தவிலோ நேரில் வாசித்துப் பதிவு செய்து, கூட கணினி டிரம்ஸும் வைப்பது உண்டு. அப்படிச் செய்யும்போது பறையை வெட்டிக் கட்டத்துக்குள் இழுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அங்கே உயிருள்ள ஒரு மனிதர் வாசித்திருக்கிறார், கிக்கையும் ஸ்னேரையும் நகர்த்தி அவர் அடியோடு சேருங்கள். கொஞ்சம் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைதான், செய்யலாம்.

கடைசியாக மிக்ஸ், அதாவது எல்லா ஒலிகளையும் அளவு பார்த்துச் சேர்ப்பது, சுருக்கமாக. நிஜ டிரம் கிட்டைப் பதிவு செய்யும்போது ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் ஒரு மைக், தலைக்கு மேல் இரண்டு, அறைக்கு ஒன்றிரண்டு வைப்பார்கள். ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும், அதனால் மேலே இருக்கிற மைக்குக்கு ஸ்னேர் சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேரும், அறை மைக்குக்கு இன்னும் தாமதமாக. ஓர் அறையில் வாசித்தது என்று காது நம்புவது இதனால்தான். நல்ல டிரம் சாஃப்ட்வேர்களில் இந்த மைக்குகளுக்கெல்லாம் ஒலியளவை ஏற்றி இறக்க தனித்தனி ஃபேடர் இருக்கிறது. முதலில் தலைக்கு மேல் உள்ள மைக்குகளை மட்டும் ஏற்றி முழு கிட்டையும் கேளுங்கள், அப்புறம் கிக், ஸ்னேரைத் தேவையான அளவு சேருங்கள், பிறகு அறை. கிக் அடிக்கும்போது ஸ்னேரின் கம்பி லேசாக அதிர்கிற சத்தத்தை அசுத்தம் என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு டிரம்முக்கும் வேறு வேறு ரிவெர்ப், அதாவது அறையின் எதிரொலி, போட்டால் ஒவ்வொன்றும் வேறு வேறு அறையில் இருப்பதாகக் கேட்கும்.

எல்லாம் முடிந்த பிறகு, உங்களுக்குத் தெரிந்த ஒரு டிரம்மரிடம், உங்கள் ஊர் தேவாலயத்தில் வாசிக்கிற தம்பியாகவோ மெல்லிசைக் குழுவில் வாசிக்கிற அண்ணனாகவோ இருக்கலாம், பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். அவர் கையும் காலும் அசைவதைப் பாருங்கள். கூடவே தட்டிக்கொண்டு வந்தவர் ஓர் இடத்தில் தடுமாறி நின்றால் அந்த பாரைக் குறித்துக்கொண்டு, “அண்ணே, இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன வாசிப்பீர்கள்?” என்று கேளுங்கள். அவர் வாயால் சொல்லிக் காட்டுவதை அப்படியே போனில் பதிவு செய்துகொண்டு வந்து நோட் வையுங்கள். வாய்ப்பு அளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.