அப்பாவுக்கும் ஜிம்மிக்கும் ஒரே சொட்டு மருந்து

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் கால்நடை மருத்துவர். நாய், பூனைகளின் கண்ணைப் பார்ப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டதும், மனிதர்களையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அதற்குக் காரணம் என் அப்பா. அவருக்குக் கிளாக்கோமா. எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் லட்டானோபிராஸ்ட் என்ற சொட்டு மருந்து எப்போதும் இருக்கும். கிளினிக்குக்கு வரும் நாய்களுக்கும் நான் எழுதிக் கொடுப்பது அதே மருந்தைத்தான். சீட்டைப் பார்த்துவிட்டு மருந்துக் கடைக்காரர், "பேஷண்ட் ஜிம்மி, வயசு அஞ்சா டாக்டர்?" என்று போன் போட்டுக் கேட்டதும் உண்டு.

முதலில், கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். நம் கண்ணுக்கு உள்ளே ஒரு நீர் ஓயாமல் சுரந்துகொண்டிருக்கிறது. அழும்போது வரும் கண்ணீர் வேறு, இது வேறு. நிமிடத்துக்கு 2, 3 மைக்ரோலிட்டர்தான் சுரக்கும். ஒரு சொட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கண்ணின் முன்புறக் கண்ணாடிப் படலமான கருவிழியும் கண்ணின் நிறமுள்ள பகுதியும் சேரும் மூலையில் சல்லடை மாதிரி ஒரு திசு இருக்கிறது. அதன் வழியாக நீர் வெளியேறி ரத்தத்தில் கலந்துவிடும். அந்தச் சல்லடை அடைத்துக்கொண்டால், அல்லது அங்கே போகும் வழியே மூடிக்கொண்டால், நீர் தேங்கும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் பின்புறம் இருக்கும் பார்வை நரம்பை நசுக்கும். மனிதருக்கு அந்த நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் இருக்கின்றன. செத்துப்போன இழை திரும்ப முளைப்பதில்லை. மனிதனுக்கும் நாய்க்கும் இதில் வித்தியாசமே கிடையாது.

இதைத்தான் ஊரில் 'கண் பிரஷர்' என்கிறார்கள். "எனக்குத்தான் பிபி இல்லையே" என்று உடனே பதில் வரும். இதற்கும் பிபி கருவி காட்டும் எண்ணுக்கும் சம்பந்தமில்லை. கண்ணின் அழுத்தத்தைத் தனியாகத்தான் அளக்க வேண்டும். மனிதருக்கு 10 முதல் 21 வரை இருப்பது வழக்கமான அளவு. நாய்க்கும் ஏறக்குறைய அதே அளவுதான், கொஞ்சம் கூடுதலாக 25 வரை போகலாம்.

வித்தியாசம் நோய் வரும் விதத்தில் இருக்கிறது. மனிதருக்குப் பெரும்பாலும் இது சத்தமில்லாமல் வரும். வலி இருக்காது, சிவப்பு இருக்காது. பார்வை ஓரங்களிலிருந்து தேய்ந்துகொண்டே வரும். கறுப்புத் திட்டாகத் தெரிந்தாலாவது பயந்துபோய் டாக்டரிடம் ஓடுவோம். ஆனால் காணாமல் போன இடத்தை மூளையே இட்டு நிரப்பிவிடுகிறது. ஒரு கண்ணில் போனதை இன்னொரு கண் சரிக்கட்டிவிடுகிறது. என் அப்பா கண்ணாடி மாற்றத்தான் போனார். அழுத்தம் அதிகம், நரம்பு குழிந்திருக்கிறது என்று சொல்லி ஃபீல்ட் டெஸ்டுக்கு உட்காரவைத்தார்கள். ஒரு கிண்ணத்துக்குள் நேராகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கங்கே சிறு வெளிச்சம் மின்னும்போது பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே வந்தவர், "மிஷின் ரிப்பேர் போல. பாதி நேரம் லைட்டே வரல" என்றார். மிஷின் நன்றாகத்தான் இருந்தது.

தமிழகத்தின் தென் மாவட்டக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய ஆய்வு 2003-இல் வெளியானது. அதில் கிளாக்கோமா இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், தங்களுக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. அவர்களில் பாதிப் பேர் அதற்கு முன் ஒருமுறையாவது கண் டாக்டரைப் பார்த்தவர்கள். பார்த்தும் பிடிபடவில்லை. எனக்குப் பெரிய அதிர்ச்சியைத் தந்தது இந்த இரண்டாவது விஷயம்தான்.

நாய்க்கு நேர் எதிர். திடீரென வரும், கடுமையாக வரும். அழுத்தம் 50, 60 என்று ஏறிவிடும். கண் சிவக்கும், கருவிழி நீலம் பூத்தாற்போல் மங்கும், நடுவில் கறுப்பு வட்டமாகத் தெரியும் பாவை விரிந்து வெளிச்சம் அடித்தாலும் சுருங்காது. நாய் கண்ணை இடுக்கும், சாப்பிடாது, தலையைத் தொடவிடாது, மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். வீட்டார் என்ன நினைக்கிறார்கள்? "வெயில் சூடு டாக்டர்", "தூசி விழுந்திருக்கும்", "பூனை பிராண்டியிருக்கும்". வீட்டில் மிச்சமிருந்த ஏதோ ஒரு சொட்டு மருந்தை இரண்டு நாள் ஊற்றிப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் தூக்கி வருவார்கள். அந்த அளவு அழுத்தத்தில் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். சிவந்த கண்ணோடு சோர்ந்திருக்கும் நாயை அன்றைக்கே கொண்டுவாருங்கள், நாளைக் காலை வேண்டாம் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

அளப்பது கஷ்டமில்லை. கையடக்கமான கருவி ஒன்று இருக்கிறது. அதன் மெல்லிய ஊசிமுனை, உருண்டைத் தலையோடு, கருவிழியில் பட்டுத் திரும்பும். மரத்துப்போகும் மருந்துகூடத் தேவையில்லை, நாய் ஒருமுறை கண்ணைச் சிமிட்டும், அவ்வளவுதான். நோய் உறுதியானால் ரத்தக் குழாய் வழியாக மானிட்டால் என்ற மருந்தை ஏற்றி, சொட்டு மருந்து போட்டு அழுத்தத்தை இறக்கப் பார்ப்போம்.

காக்கர் ஸ்பானியல், பீகிள், பேசட் ஹவுண்ட், ஷிட்சு, ஹஸ்கி வளர்ப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இந்த இனங்களில் பலவற்றில் அந்த மூலைச் சல்லடை பிறவியிலேயே சரியாக அமையாமல் போவது அதிகம். (சென்னை வெயிலில் ஹஸ்கி வளர்ப்பது தனிக் கதை, அதை இன்னொரு நாள் திட்டுகிறேன்.) இவற்றுக்கு ஒரு கண்ணில் வந்தால் மற்றக் கண்ணுக்கும் வரும் என்றே வைத்துக்கொள்ளலாம். நன்றாக இருக்கும் அந்தக் கண்ணுக்கு முன்கூட்டியே மருந்து போடுவதால் பயன் உண்டா? 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு பதில் சொல்கிறது. மருந்து போடாத நாய்களில் பாதிக்கு 8 மாதத்துக்குள் அந்தக் கண்ணும் பாதிக்கப்பட்டது. மருந்து போட்டவற்றில் பாதி நாய்கள் இரண்டரை வருஷம் வரை தாங்கின. நாயின் ஆயுளில் இரண்டரை வருஷம் என்பது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

பூனை, மனிதருக்கும் நாய்க்கும் நடுவில். அமைதியாகவே வரும், பெரும்பாலும் கண்ணுக்குள் ஏற்பட்ட வேறு அழற்சியின் தொடர்ச்சியாக. ஒரு பாவை பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தெரிந்தால் காட்டிவிடுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு அருமையாக வேலை செய்யும் லட்டானோபிராஸ்ட் பூனைக்கு அழுத்தத்தைக் குறைப்பதில்லை. நாயிலேயே, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இடம் பெயர்ந்து முன்னால் வந்திருந்தால் அதே மருந்து கெடுதல் செய்யும். அப்பாவின் பாட்டிலை எடுத்து வீட்டு நாய்க்கு ஊற்றுகிற யோசனை யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

சொட்டு மருந்து என்றதும் இன்னொரு ஆதங்கம் வருகிறது. கோடை வந்தால் பிள்ளைகளுக்குக் கண் அரிக்கும், சிவக்கும். கடையில் ஒரு மருந்து வாங்கிப் போடுகிறோம். இரண்டே நாளில் கண் பளிச்சென்று ஆகிவிடும். நல்ல மருந்து என்று பேர் எழுதி வைத்துக்கொண்டு, அரிக்கும்போதெல்லாம் வாங்கிப் போடுகிறோம். பல நேரம் அதில் இருப்பது ஸ்டீராய்டு. டாக்டர் கண்காணிப்பில் சில நாள் போட்டால் அது நல்ல மருந்துதான். மாதக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். படிக்கிற வயதில் பார்வை நரம்பைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அரிப்புக்குப் போட்ட மருந்தால் போனது என்பதுதான் வேதனை.

'புரை நல்லா முத்தட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்' என்று காத்திருப்பதும் இதே வகைதான். அளவுக்கு மீறி முற்றிய புரை, லென்ஸை ஊதவைத்தோ கசியவைத்தோ கண் அழுத்தத்தைக் கிளப்பிவிடும். இப்படி வருவதும், கண்ணின் மூலை திடீரென மூடிக்கொள்வதால் வருவதும், மனிதருக்குக் கடும் வலியோடு வரும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். வாந்தியைப் பார்த்து வயிற்றுக்கு மாத்திரை கொடுத்துவிடுவார்கள். கண் சிவந்திருக்கிறதா என்று ஒரு நிமிஷம் பார்த்தால் போதும்.

அறுவை சிகிச்சைப் பக்கம் வந்தால் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. 1904 முதல் 1913 வரை அதன் தலைவராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட் என்ற ஆங்கிலேயர். கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் விளிம்பில், மேல் படலத்துக்கு அடியில் வட்டமாக ஒரு சின்ன ஓட்டை போட்டு, தேங்கும் நீருக்கு வழி செய்யும் முறையை 1909-இல் அவர் இங்கே செய்யத் தொடங்கினார். உலகம் முழுக்க எலியட் முறை என்று பரவியது. இன்றைய டிராபெகுலெக்டமி அறுவை சிகிச்சையும் அடிப்படையில் அதே யோசனைதான். ஓட்டைக்கு மேல் ஒரு மடல் வைத்து, நீர் ஒரேயடியாக வடிந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இப்போது நீரை வடிக்க மெல்லிய குழாய் பொருத்துவதும் உண்டு. மதுரை ஆரோலேப் நிறுவனம் அதை வெளிநாட்டு விலையில் சிறு பங்குக்குத் தயாரிக்கிறது. லேசர் சிகிச்சையும் இருக்கிறது. எதைச் செய்தாலும் போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றலாம். இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், "ஆபரேஷன் பண்ணியும் தெரியலையே" என்று நோயாளி மனசு விட்டுப்போய் மருந்தையே நிறுத்திவிடுகிறார்.

உண்மையில் நான் பேச வந்ததே அந்த மருந்தைப் பற்றித்தான். நாய்க்கு மருந்து எழுதிக் கொடுத்தால் வீட்டில் ஒரு கூட்டமே போடுவார்கள். காலையில் அம்மா, சாயங்காலம் தம்பி, ராத்திரி நான் என்று முறை வைத்து, காலண்டரில் டிக் அடித்துக்கொண்டு வருவார்கள். அதே வீட்டுத் தாத்தாவுக்கும் கண் பிரஷர் இருக்கும். விசாரித்தால், "அவரே போட்டுக்குவார்" என்பார்கள். தாத்தாவுக்குக் கை நடுங்கும், கழுத்து பின்னால் சாயாது. பாதி மருந்து கன்னத்தில் வழியும். மாசக் கடைசியில் பாட்டில் காலியானால், பென்ஷன் வரட்டும் என்று நாலு நாள் விட்டுவிடுவார். வலியில்லாத நோய் என்பதால் விட்டது தெரியாது. ஜிம்மிக்குக் கிடைக்கும் ஏற்பாடு தாத்தாவுக்கும் கிடைக்க வேண்டும்.

எப்படிப் போடுவது? தாத்தாவைப் படுக்கவையுங்கள். கீழ் இமையை மெல்ல இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி இடம் கிடைக்கும். பாட்டில் முனை எதிலும் படாமல் அதற்குள் ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டுக்குக் கண்ணில் இடம் கிடையாது, காசுதான் வழியும். கண்ணை மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய உள்முனையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து தொண்டைக்கும் ரத்தத்துக்கும் போகாமல் கண்ணிலேயே நிற்கும். கிளாக்கோமாவுக்குப் போடும் டிமோலால் என்ற சொட்டு மருந்தில் இது ரொம்ப முக்கியம். ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுத் திணறலைக் கிளப்பும், ஆகவே ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொரு மருந்தும் இருந்தால் ஐந்து நிமிஷம் விட்டுப் போடுங்கள். பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். மிச்சம் இருந்தாலும் மாதம் ஒன்றானதும் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

நாய்க்கு முன்னால் போய் நின்று பாட்டிலைக் காட்டினால் ஓடிவிடும். சுவர் மூலையில் உட்காரவைத்து, பின்னால் நின்று, இடது கையால் தாடையைத் தூக்குங்கள். பாட்டில் பிடித்த கையை அதன் தலை மேலேயே ஊன்றி, புருவப் பக்கத்திலிருந்து விடுங்கள். உடனே ஒரு பிஸ்கட். நாலாம் நாள் பாட்டில் சத்தம் கேட்டால் தானாக வந்து உட்காரும்.

கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டி இழுக்காதீர்கள். கழுத்தை இழுத்தால் நாயின் கண் அழுத்தம் ஏறுகிறது, மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸில் அப்படி ஏறுவதில்லை என்று 2006-இல் ஓர் ஆய்வு வந்தது. அதே ஆண்டு சென்னையிலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, சிரசாசனத்தில் தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று காட்டியது. கிளாக்கோமா உள்ளவர்கள் மற்ற ஆசனங்களை டாக்டரைக் கேட்டுச் செய்யலாம், சிரசாசனம் மட்டும் வேண்டாம்.

பார்வை போய், வலி மட்டும் மிஞ்சிய நாய்க் கண்ணை எடுத்துவிடலாம் என்று நான் சொல்லும்போது வீட்டார் அழுவார்கள். வேண்டாம் என்று கூட்டிப்போனவர்கள் உண்டு. ஒப்புக்கொண்டவர்கள் பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்க வரும்போது, "பழையபடி பந்து விளையாடுது டாக்டர்" என்பார்கள். அத்தனை நாளும் அது தலைவலியோடு இருந்திருக்கிறது, நமக்குச் சொல்ல அதற்குத் தெரியவில்லை. இரண்டு கண்ணும் போன நாய்கூட மூக்கை வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றும். சோபாவை மட்டும் இடம் மாற்றாதீர்கள், தண்ணீர்க் கிண்ணம் வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.

கடைசியாக, உங்கள் வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா இருந்தால், கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அப்பாவுக்குத் தெரிந்த வாரமே சித்தப்பாவையும் அத்தையையும் பரிசோதனைக்கு அனுப்பினேன். அத்தைக்கு இருந்தது, நல்லவேளை ஆரம்ப நிலை. வயது 40 தாண்டினாலே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. கண்ணாடிக்கு நம்பர் பார்ப்பதோடு எழுந்து வராமல், "பிரஷர் பார்த்தீங்களா, நரம்பு பார்த்தீங்களா" என்று இரண்டையும் கேளுங்கள். அழுத்தம் 21-க்குக் கீழே இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு, அதனால்தான் இரண்டையும் சொல்கிறேன்.

நன்றி, வணக்கம்.