பெயரில்லாத கைதியின் பள்ளத்தாக்கு: 'கோதிக்' விளையாட்டை ஏன் ஆட வேண்டும்?

[திரையில்: மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு; மேலே நீல ஒளி மின்னும் மாயத் தடுப்பு]

வணக்கம். மலையகத்திலிருந்து கணினி விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் பேசும் இந்த வரிசையில் இன்று எடுத்துக்கொண்டிருப்பது, ஜெர்மனியைச் சேர்ந்த பிரானா பைட்ஸ் குழுவினர் உருவாக்கி 2001ஆம் ஆண்டில் வெளிவந்த 'கோதிக்' என்னும் ஆர்.பி.ஜி., அதாவது ஒரு பாத்திரமாகவே வாழ்ந்து வளரும் வகை விளையாட்டு. ஜெர்மனியிலும் போலந்திலும் இதன் பெயரைச் சொன்னால் ஒரு தலைமுறையே திரும்பிப் பார்க்கும். ஆங்கிலம் வழியாக விளையாட்டுகளை அறிந்துகொள்ளும் நம்மைப் போன்றவர்களுக்கோ இது ஏறத்தாழ அறிமுகமே இல்லாத பெயர். இதன் ஆங்கிலப் பதிப்பு 2001இன் இறுதியில்தான் கடைக்கு வந்தது. அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் 'மோரோவிண்ட்' என்ற விளையாட்டு வந்து, விரும்பிய திசையில் சுற்றித் திரியும் திறந்த உலக விளையாட்டு என்றால் அதுதான் என்று ஆங்கில உலகம் முடிவு செய்துவிட்டது. கோதிக் ஓரமாகவே நின்றுவிட்டது.

கதையின் பின்னணியை முதலில் பார்த்துவிடுவோம். மிர்டானா நாட்டின் மன்னன் இரண்டாம் ரோபார் ஓர்க்குகள் என்னும் அரக்க இனத்தோடு போரில் இருக்கிறான். வாள் அடிக்க மாயத் தாது வேண்டும். தாது கோரினிஸ் தீவின் சுரங்கங்களில் இருக்கிறது. குற்றம் சிறிதோ பெரிதோ, பிடிபட்ட எல்லோரையும் அந்தச் சுரங்கத்துக்கு அனுப்புகிறான். அவர்கள் தப்பாதிருக்கப் பன்னிரண்டு மந்திரவாதிகள் ஒரு மாயத் தடுப்பை எழுப்புகிறார்கள். அது அவர்கள் எண்ணியதைவிடப் பெரிதாக விரிந்து அவர்களையும் சேர்த்து உள்ளே அடைத்துவிடுகிறது. உயிருள்ள எதுவும் உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. அந்தக் குழப்பத்தில் கைதிகள் காவலர்களை வீழ்த்திச் சுரங்கத்தைத் தம் வசமாக்குகிறார்கள். போருக்குத் தாது இல்லாமல் முடியாது என்பதால், மன்னன் தன் கைதிகளோடு வியாபாரம் பேச வேண்டிய நிலைக்கு வருகிறான். தாது வெளியே போகிறது. உணவும் துணியும் கருவிகளும், கூடவே புதிய கைதிகளும் உள்ளே வருகிறார்கள்.

அப்படி உள்ளே தள்ளப்படும் ஒருவன்தான் நீங்கள். உங்களுக்குப் பெயர் கிடையாது. விழுந்து எழுந்ததும் புல்லிட் என்ற முரடன் முகத்தில் ஒரு குத்து விடுகிறான், அதுதான் வரவேற்பு. டியேகோ என்ற ஒருவர் மட்டும் நின்று, இங்கே எப்படிப் பிழைப்பது என்று இரண்டு வார்த்தை சொல்லுகிறார். உலகைக் காக்கப் பிறந்தவன் என்று எவரும் உங்களை அழைக்கவில்லை. இந்த விளையாட்டின் சிறப்பு அத்தனையும் இந்த அலட்சியத்திலிருந்துதான் கிளைக்கிறது என்பது என் கருத்து.

[திரையில்: பழைய முகாம், கோட்டையைச் சுற்றிக் குடிசைகள்]

தடுப்புக்குள் அடைபட்ட இந்தக் கைதிகளின் கொலனிக்குள் மூன்று முகாம்கள் உண்டு. பழைய முகாமின் நடுவே ஒரு கோட்டை. அதற்குள் கோமெஸும் அவனுடைய தாதுப் பிரபுக்களும் வாழ்கிறார்கள். கோட்டை மதிலைச் சுற்றி வளையமாகக் குடிசைகள். அவற்றில் சுரங்கத் தொழிலாளிகள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே காவலர்களும், 'நிழல்கள்' எனப்படும் ஏவலாட்களும். குடிசை வட்டாரத்தைப் பங்கிட்டுக்கொண்டு காவலர்கள் 'பாதுகாப்புப் பணம்' வசூலிக்கிறார்கள். வந்த முதல் நாளே ப்ளட்வின் என்பவன் உங்களை நிறுத்திப் பத்துத் தாதுக்கட்டி கேட்கிறான். தாதுதான் அங்கே காசு. தொழிலாளி வெட்டுவதும் தாது, அவனுக்குக் கூலியாகக் கிடைப்பதும் தாது, சோறு வாங்கக் கொடுப்பதும் தாது, காவலனுக்கு அழுவதும் தாது. சுரங்கத்திலிருந்து எடுத்தது சுற்றிச் சுற்றிக் கோட்டைக்குள்ளேயே போய்ச் சேர்கிறது.

மலையகத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் இந்த அமைப்பைப் பார்க்கும்போது அவருக்கு இது வெறும் கற்பனை உலகமாகத் தெரிவது கடினம். மேலே துரையின் பங்களா, கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயம், நடுவில் வேலை வாங்கும் கங்காணி என்ற படிநிலையை நாம் பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த 'துண்டு' கையில் இல்லாமல் ஒரு தொழிலாளி தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது என்ற நடைமுறை, 1921இல் சட்டத்தின் மூலம் ஒழிக்கப்படும்வரை இந்த மலைகளில் இருந்தது. ஜெர்மானியக் குழுவினருக்கு நம்மைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உழைப்பவன் வெளியேற முடியாத இடத்தில் அதிகாரம் எப்படி அடுக்கடுக்காகப் படியும் என்பதை அவர்கள் கூர்ந்து யோசித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கொலனியில் இருப்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள், நம் முன்னோர் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள் என்பதால் ஒப்புமையை இதற்கு மேல் இழுப்பது முறையல்ல.

புதிய முகாமில் நெல் வயல் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கே நுழைந்ததும் லெஃப்டி என்ற அடியாள் உங்களைப் பிடித்து, வயலில் வேலை செய்பவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்கிறான். வாளும் மந்திரமும் வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்த ஒருவர், வெயிலில் குனிந்து நிற்கும் உழவர் ஒவ்வொருவரிடமும் தண்ணீர்ப் போத்தலோடு போய் நிற்கிறார். மறுத்தால் அடி விழும். இந்த முகாம் தன்னைச் சுதந்திர முகாம் என்று சொல்லிக்கொள்கிறது. அங்கும் குனிந்து நிற்பவர்கள் குனிந்துதான் நிற்கிறார்கள். இதை விளையாட்டு எந்த வசனத்திலும் விளக்கவில்லை. உங்கள் கையில் தண்ணீரைக் கொடுத்து நடக்கவைக்கிறது.

மூன்றாவது, சதுப்பு நிலத்தில் மரங்களின் மேல் குடிசை கட்டி, 'உறங்குபவன்' என்ற தெய்வத்தை வழிபட்டு, சதுப்புப் புகையிலை பிடிக்கும் ஒரு சமயக் கூட்டத்தின் முகாம். அதைப் பற்றி அதிகம் சொன்னால் கதை வெளிப்பட்டுவிடும்.

[திரையில்: நாயகன் வாளை இரு கைகளாலும் பிடித்திருக்கும் காட்சி, அருகில், பயிற்சிக்குப் பின் ஒரே கையால் பிடித்திருக்கும் காட்சி]

இப்போது திரையின் இடது பக்கத்தைக் கவனியுங்கள். ஒரு கையால் வீச வேண்டிய வாளை நாயகன் இரண்டு கைகளாலும் இறுகப் பற்றியிருக்கிறான்; வீச்சும் கோணலாக, மரம் பிளப்பது போல விழுகிறது. நீங்கள் அனுபவப் புள்ளிகளைச் சேர்த்து ஒரு படி ஏறிவிட்டதால் மட்டும் இது மாறாது. படி ஏறும்போது பத்துக் கற்றல் புள்ளிகள் கிடைக்கும். அவற்றோடு, வாள் தெரிந்த ஒருவரைத் தேடிப் போய்ப் பாடம் கேட்க வேண்டும். கேட்ட மறுகணம் வலது பக்கக் காட்சியைப் பாருங்கள்: பிடி ஒரு கைக்கு மாறியிருக்கிறது, கால்கள் அகன்று நிற்கின்றன, ஒரு வெட்டு அடுத்த வெட்டோடு இணைகிறது. வளர்ச்சியை ஒரு மூலையில் எண்ணாகக் காட்டும் விளையாட்டுகள் ஆயிரம் இருக்கின்றன. உடம்பில் காட்டுகிற விளையாட்டுகள் மிகக் குறைவு, அதுவும் 2001இல். விலங்கின் தோலை உரிப்பதும் பல்லைப் பிடுங்குவதும் இப்படித்தான். வேட்டைக்காரரிடம் கற்றுக்கொள்ளாதவரை, கொன்ற ஓநாயின் அருகில் வெறுங்கையோடுதான் நிற்பீர்கள்.

உலகம் உங்கள் பலத்துக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதும் இல்லை. காட்டுக்குள் நிற்கும் நிழல்மிருகம் முதல் நாளிலிருந்தே அங்கே நிற்கிறது. முதல் நாளில் போனால் ஓரிரு அடியில் முடிந்துவிடும், பத்து மணி நேரம் கழித்துப் போனால் நீங்கள் அதை வீழ்த்தலாம். போக வேண்டிய இடத்தை அம்புக்குறி காட்டாது. வரைபடம்கூட வாங்கித்தான் ஆக வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கு இன்றைய திறந்த உலகங்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆனால் எந்தப் பாறைக்குப் பின்னால் எந்த விலங்கு படுத்திருக்கிறது, எந்த ஒற்றையடிப் பாதை எந்த முகாமின் பின்புறம் இறங்குகிறது என்பதைப் பயத்தின் மூலமாகவே மனப்பாடம் செய்துவிடுவீர்கள்.

மனிதர்களோடு சண்டையிட்டுத் தோற்றால் பெரும்பாலும் சாவதில்லை என்பது இன்னொரு நுட்பம். மயங்கி விழுவீர்கள், வென்றவன் குனிந்து உங்கள் தாதுவை எடுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான். எழுந்து தூசி தட்டிக்கொண்டு, அதே முகாமில் அதே ஆளின் முன்னால் மீண்டும் நடமாட வேண்டும். அவமானம் என்ற உணர்வை இவ்வளவு நேர்த்தியாக விளையாட்டுக்குள் கொண்டுவந்த வேறொரு வழியை நான் கண்டதில்லை. அதனாலேயே பிறகு ஒருநாள் அவனை நீங்கள் வீழ்த்தும்போது, பெரிய அரக்கனைக் கொன்ற மகிழ்ச்சியைவிட அது பெரிதாக இருக்கிறது.

முகாம் வாசிகளுக்கும் சொந்த வாழ்க்கை உண்டு. பகலில் கொல்லன் இரும்பை அடிக்கிறான். இரவில் தீயைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். பிறகு குடிசைக்குள் போய்ப் படுக்கிறார்கள். அழைக்காமல் ஒருவர் குடிசைக்குள் நுழைந்தால் வெளியே போகச் சொல்வார்கள். காரணமில்லாமல் வாளை உருவிக்கொண்டு நின்றால் உள்ளே வைக்கச் சொல்லி எச்சரிப்பார்கள், கேட்காவிட்டால் அடிப்பார்கள். இவையெல்லாம் இன்று சாதாரணமாகத் தோன்றலாம்.

பணிகளின் அமைப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். கோட்டை வாயிலில் நிற்கும் காவலர் தலைவன் தோரஸ், புதிய முகாமைச் சேர்ந்த மோர்ட்ராக் என்ற திருடன் இனி இந்தப் பக்கம் வராதபடி செய்யச் சொல்கிறான். அவனோடு சண்டையிடலாம். அல்லது அவனிடமே போய், உங்கள் முகாமுக்கு என்னை அழைத்துப் போங்கள் என்று கேட்கலாம். மோர்ட்ராக் முன்னால் நடப்பான். வழியில் வரும் விலங்குகளை அவனே வெட்டிச் சாய்ப்பான். ஓநாய்க்குப் பயந்து சாலையை விட்டு இறங்காத நீங்கள், அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே பள்ளத்தாக்கின் மறுகோடியை அடைந்துவிடுவீர்கள். ஒரே வேண்டுகோள், இரண்டு முற்றிலும் வேறான மாலைப்பொழுதுகள்.

குறைகளை மறைப்பது நியாயமல்ல. விசைப்பலகை முறை கொடுமையானது: எதையாவது எடுக்க வேண்டுமென்றால் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி முன்னோக்கு அம்பையும் அழுத்த வேண்டும், வாள் வீசவும் அதே கண்ட்ரோல், பக்கவாட்டு அம்புகள். முதல் ஓரிரு மணி நேரம் விரல்கள் முரண்டு பிடிக்கும். கடைசி அத்தியாயங்களில் பேச்சு குறைந்து சண்டை மட்டுமே நீள்கிறது. அவசரமாக முடித்திருக்கிறார்கள் என்ற எண்ணம் எனக்கு உண்டு. பெண்களைக் காட்டியிருக்கும் விதம் இவை எல்லாவற்றையும்விட மோசமானது. மன்னன் கோமெஸுக்கு அனுப்பும் பொருள்களோடு பெண்களும் வருகிறார்கள். அவர்கள் கோட்டைக்குள் அலங்காரமாக நிற்கிறார்கள், கதையில் அவர்களுக்கு இடமே இல்லை. அடிமைத்தனத்தைப் பற்றி இவ்வளவு யோசித்த ஒரு குழு, அந்த உலகில் மிகவும் அடிமைப்பட்டவர்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

[திரையில்: அமைப்புப் பக்கம்]

ஆட விரும்புவோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். ஸ்டீம், கோக் (GOG) ஆகிய இரு இணைய விற்பனைத் தளங்களிலும் இது கிடைக்கிறது. தள்ளுபடிக் காலத்தில் விலை மிகவும் இறங்கும். நூறு கிகாபைட் பதிவிறக்கி டேட்டாவைத் தீர்க்க வேண்டிய இன்றைய விளையாட்டு அல்ல இது. மழைக்காலத்தில் இணைப்பு தள்ளாடும் தோட்டப் பக்கத்து வீடுகளிலும் பொறுமையோடு இறக்கிவிடலாம், பழைய மடிக்கணினியும் தாங்கும். புதிய விண்டோஸில் இடறினால், ரசிகர்கள் இலவசமாகத் தரும் திருத்தக் கோப்புகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கணினி இல்லாதவர்களுக்கு, 2023இல் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவிக்கும் இதைக் கொண்டுவந்தார்கள். தமிழில் வசனம் கிடையாது. ஆங்கில எழுத்துகள் திரையில் வரும். பிரானா பைட்ஸ் 2024இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் கோதிக் இரண்டாம் பாகத்தின் மேல் போலந்து ரசிகர்கள் கட்டிய 'ஆர்கோலோஸ்' என்ற முழு நீள விளையாட்டு 2021இல் இலவசமாக வந்தது. முதல் பாகத்தின் மறுஆக்கத்தைப் பார்சிலோனாவின் அல்கிமியா இன்டராக்டிவ் கையில் எடுத்தது.

எந்த முகாமில் சேர்வது என்ற கேள்விக்கு என் பதிலைச் சொல்ல, நான்காம் அத்தியாயத்தைத் தொட்டாக வேண்டும். கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பழைய சுரங்கம் வெள்ளத்தில் மூழ்கிவிடுகிறது. தாது இல்லாவிட்டால் தன் அதிகாரம் இல்லை என்று உணர்ந்த கோமெஸ், புதிய முகாமின் சுரங்கத்தைத் தாக்க ஆளனுப்புகிறான். அதை எதிர்த்த, தன் கோட்டையிலேயே வாழும் நெருப்பு மந்திரவாதிகளைக் கொன்றுவிடுகிறான். நீங்கள் பணம் கட்டி, அடி வாங்கி, ஏவல் செய்து, ஒவ்வொரு படியாக ஏறிய அந்த முகாமின் வாயில் மூடப்படுகிறது. நேற்றுவரை தலையசைத்து உள்ளே விட்ட காவலர்கள் துரோகி என்று சொல்லி வாளை உருவுகிறார்கள். டியேகோவும் மில்டன் என்ற மந்திரவாதியும் மட்டும் வெளியே காத்திருந்து நடந்ததைச் சொல்கிறார்கள். மற்ற முகாம்களில் சேர்ந்தவர்களுக்கு இது ஒரு செய்தி. பழைய முகாமில் சேர்ந்தவருக்கு இது வேறு. ஆகவே முதல் ஆட்டத்துக்குப் பழைய முகாமையே பரிந்துரைக்கிறேன்.