பல் எக்ஸ்ரே: எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி?

வணக்கம் நேயர்களே.

கீழ்க் கடைவாயில் இரண்டு பற்களுக்கு நடுவே சாப்பாடு மாட்டுகிறது. தண்ணீர் பட்டால் கூசுகிறது. அங்கே சொத்தை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓ.பி.ஜி., அதாவது கருவி தலையைச் சுற்றி ஓடி எடுக்கும் படம், எடுத்தால் இரண்டு தாடையும் எல்லாப் பற்களும் ஒரே படத்தில் வந்துவிடும். ஆனால் அதில் பக்கத்துப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழும். தேடுகிற சின்னச் சொத்தை அந்த வெள்ளைக்குள் மறைந்துபோகும். வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறிய பைட்விங் படத்தில் அது தெளிவாகத் தெரியும். கதிரளவும் செலவும் குறைவு. ஆகவே, கருவி வாங்கப்போகிற பல் மருத்துவர் விலைப்பட்டியலைப் புரட்டும் முன், தம்மிடம் ஒரு வாரத்தில் வருகிறவர்கள் என்னென்ன தொல்லையோடு வருகிறார்கள் என்று எழுதிப் பார்க்க வேண்டும். சொத்தை, வேர்ச் சிகிச்சை, ஈறு நோய் என்றே பட்டியல் நீண்டால், முதலில் வேண்டியது வாய்க்குள் படமெடுக்கும் சாதாரணச் சுவர்க் கருவி. அதை நல்லதாக வாங்குங்கள்.

60 முதல் 70 கிலோவோல்ட்டில் சீரான மின்னழுத்தத்தோடு இயங்கும் டி.சி. வகை என் பரிந்துரை. பழைய ஏ.சி. வகையில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் வலுவில்லாத கதிரும் கலந்து வரும். அதைக் கன்னமே உறிஞ்சிவிடும். படத்துக்கு எந்த உதவியும் இல்லை. கதிர் புறப்படும் புள்ளி எவ்வளவு சிறியது என்றும் கேளுங்கள். 0.8 மில்லிமீட்டரைவிட 0.4 மில்லிமீட்டரில் பல்லின் விளிம்பு கூர்மையாக விழும். அடுத்தது, மிகக் குறைந்த எக்ஸ்போஷர் நேரம், அதாவது கதிர் பாயும் நேரம், என்ன என்பது. ஃபிலிம் காலத்துக்கென்று செய்த டைமர், ஃபிலிமுக்குப் பதிலாக இன்று வாய்க்குள் வைக்கும் மின்னணுச் சென்சாருக்குத் தேவையான அளவு கீழே இறங்காமல் நின்றுவிடலாம். 1896 ஜனவரியில் ஜெர்மனியின் ஓட்டோ வால்கோஃப் தம் பற்களைப் படமெடுக்க 25 நிமிடம் அசையாமல் இருந்தார். இன்று சென்சாருக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, அதைச் சுற்றியே தேவைப்படுகிறது.

கருவியை மாட்டிய பிறகு அதன் கையைப் பல கோணங்களில் நிறுத்திப் பாருங்கள். விட்டதும் மெல்லச் சரிகிறதா? சரிந்தால் மூட்டுகளை இறுக்கித் தரச் சொல்லுங்கள். சரியும் கையால் எடுத்த படத்தில் ஒரு ஓரம் வெள்ளையாக வெட்டுப்படும். கோன் என்பது தலையிலிருந்து கதிரை வெளியே விடும் குழாய்; கோன் கட் என்பது இதுதான். சுவரும் கனமான தலையைத் தாங்க வேண்டும். மெல்லிய தடுப்புச் சுவரில் மாட்டக் கூடாது.

வட்டக் கோனின் வாயில் கதிர்ப்புலம் 7 சென்டிமீட்டர் குறுக்களவு, அதாவது சுமார் 38 சதுர சென்டிமீட்டர். பெரியவர்களுக்கான சென்சாரின் அளவோ ஏறக்குறைய 3-க்கு 4 சென்டிமீட்டர்தான். மிச்சக் கதிர் முழுவதும் படத்துக்கு உதவாமல் முகத்தில் விழுகிறது. கதிர்ப்புலத்தைச் சுருக்கும் செவ்வகக் கோலிமேட்டர் ஒன்றைக் கோன் வாயில் பொருத்தினால் கதிர்படும் பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும். கருவியின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறு செலவு. ஆனாலும் பலர் வாங்குவதில்லை. குறி தவறி கோன் கட் விழும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு மருந்து, வளையம் வைத்த ஹோல்டர். சென்சார் அதில் பல்லுக்கு இணையாக நிற்கும், கோன் வளையத்தோடு பொருந்தும். கோணத்தை யாரும் யூகிக்க வேண்டியதில்லை. கோன் போதுமான அளவு சாய்வில்லாமல் இருந்தால் பல் நீண்டு தெரியும். மிகையாகச் சாய்ந்தால் குட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் தவறினால் பற்கள் ஒன்றோடு ஒன்று மேவும். திரும்ப எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை இந்தத் தவறுகளால்தான்.

வேர்ச் சிகிச்சையில் மட்டும் வேண்டுமென்றே கோணத்தை மாற்றுவோம். மேல் முன்கடைவாய்ப் பல்லில் இரண்டு வேர்க் கால்வாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்திருக்கும். கோனை சுமார் 20 டிகிரி முன்பக்கம் நகர்த்தி இன்னொரு படம் எடுத்தால் இரண்டும் பிரியும். கோன் போன திசையிலேயே நகர்ந்து தெரிவது அண்ணப் பக்கத்து வேர்; எதிர்த்திசையில் போவது கன்னப் பக்கத்து வேர்.

படத்தைப் பிடிப்பது எது என்பது தனி முடிவு. ஆர்.வி.ஜி. என்று நாம் சொல்லும் சென்சாரில் படம் உடனே திரையில் வரும். வேர்க் கால்வாயைச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற ஃபைல் வேர்முனையை எட்டியதா என்று பார்க்க இதைவிட வசதி இல்லை. குறை, அதன் கனமும் விறைப்பும். குமட்டல் உள்ளவர்களும் சிறுவர்களும் சிரமப்படுவார்கள். அது பெரும்பாலும் கெடுவது வயர் சேரும் கழுத்தில். வயரைப் பல் கடிக்க விடாதீர்கள், இறுக்கிச் சுருட்டாதீர்கள், ஃபோர்செப்ஸால் கவ்வாதீர்கள். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் ஒருபோதும் போடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் புது உறை மாட்டி, பிறகு தயாரிப்பாளர் சொன்ன கிருமிநாசினியால் துடைத்தால் போதும். பி.எஸ்.பி. பிளேட் என்பது படத்தைப் பிடித்து வைத்து, பிறகு ஸ்கேனரில் படிக்கப்படும் வயரில்லாத் தகடு. அது மெல்லியது, வளையும், குழந்தைக்கு ஏற்றது. ஆனால் எடுத்த பிளேட்டை வெளிச்சத்தில் போட்டுவிட்டால் ஸ்கேன் செய்வதற்குள் படம் மங்கிவிடும். கீறல்கள் படத்தில் கோடுகளாக நிற்கும். கீறல் சேர்ந்த பிளேட்டைக் கழித்துவிட வேண்டும். ஃபிலிம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் 5 நிமிடம் என்ற டெவலப்பர் கணக்கை நம் கோடைக்கு அப்படியே வைத்தால் படம் கருத்துப்போகும். தண்ணீரின் சூட்டை அளந்து நேரத்தைக் குறைக்க வேண்டும்.

டிஜிட்டலில் ஒரு பொறி இருக்கிறது. கதிர் கூடினாலும் மென்பொருள் வெளிச்சத்தைச் சரிசெய்து அழகான படத்தையே காட்டும். குறிப்பாகப் பிளேட்டில் இது நடக்கும். அதனால் பட்டியலில் உள்ள நேரத்தை அப்படியே நம்பாமல், பிடுங்கிய பல் ஒன்றை வைத்து நேரத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். படத்தில் மணல்போலப் புள்ளி தட்டத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி மேலே நிறுத்துங்கள். முன்பல், கடைவாய்ப்பல், சிறுவர் என்று தனித்தனியாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

கையடக்கக் கருவிகள் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் பல் மருத்துவ முகாம்களுக்கும் உதவும். ஆனால் இணையத்தில் விற்ற சில கையடக்கக் கருவிகள் பாதுகாப்பற்றவையாக இருக்கலாம் என்று 2012-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. கோன் முனையில் பின்சிதறலைத் தடுக்கும் வட்டக் கவசம் இல்லாததை வாங்க வேண்டாம். எந்த வகையானாலும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் பெற்ற மாடலா என்று பார்த்து, வாரியத்தின் இ-லோரா தளத்தில் உரிய அனுமதி பெற்ற பிறகே இயக்க வேண்டும்.

இனி ஓ.பி.ஜி. ஞானப்பல், தாடை எலும்பு முறிவு, முளைக்காத பற்கள், பெரிய கட்டிகள், இவற்றை ஒரே பார்வையில் காட்டுவது இதன் பலம். தெளிவாக விழுவது குதிரை லாடம் போன்ற ஒரு வளைந்த பட்டை மட்டும். பற்கள் அதற்குள் நிற்க வேண்டும். கருவியில் முன்பற்களால் கடிக்கும் பள்ளத்தைத் தாண்டி முன்னே வந்தால் முன்பற்கள் ஒடுங்கும், பின்னே போனால் அகலும். தாடை தாழ்ந்தால் பல்வரிசை மிகையாகச் சிரிப்பதுபோல் வளையும். தாடை உயர்ந்தால் வரிசை தட்டையாகி, அண்ணத்தின் நிழல் மேல் வேர்களை மூடும். நோயாளி கூன் போட்டு நின்றால் கழுத்துப் பகுதி முதுகெலும்பு நடுவே வெள்ளைத் தூணாக விழும். நாக்கை அண்ணத்தோடு ஒட்டி வைக்கச் சொல்ல மறந்தால் மேல் வேர்களுக்கு மேலே கறுப்புப் பட்டை ஓடும். கம்மலும் மூக்குத்தியும் கழற்றியாக வேண்டும். ஒரு காதின் கம்மல், எதிர்ப்பக்கத்தில் சற்று மேலே மங்கலான வெள்ளைத் திட்டாக மறுபடி தோன்றும். பழகாதவர் அதை நோய் என்று படித்துவிடக் கூடும்.

ஓ.பி.ஜி.யில் எல்லாம் கால் பங்கு அளவுக்குப் பெரிதாகத் தெரியும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே சீராக அல்ல. கீழ்த் தாடை நரம்புக்கு மேலே இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்க அதில் ஸ்கேல் வைத்து அளப்பது ஆபத்து. இங்கேதான் சி.பி.சி.டி. என்னும் முப்பரிமாண ஸ்கேன் வேண்டும். ஒரு பல்லின் விரிசலுக்கோ மறைந்த கால்வாய்க்கோ 5-க்கு 5 சென்டிமீட்டர் புலமும் 0.1 மில்லிமீட்டர் அளவிலான வாக்ஸலும் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கட்டம்) போதும். இம்பிளான்ட்டுக்கு 0.2 மில்லிமீட்டர் வாக்ஸல் போதும். புலத்தைப் பெரிதாக்கினால் கதிரும் கூடும், படித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பும் கூடும். படத்தில் விழுந்த ஒவ்வொரு எலும்பையும் யாராவது பார்த்தாக வேண்டும். உலோகக் கேப்புக்குப் பக்கத்தில் தோன்றும் கறுப்புக் கீற்றை விரிசல் என்று நம்பிப் பல்லைப் பிடுங்கிவிடாதீர்கள். ஸ்கேன் 10, 20 நொடி ஓடும்போது எச்சில் விழுங்கினாலும் விளிம்புகள் இரட்டையாகும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கதிரளவு பற்றி நேயர்கள் அடிக்கடி கேட்பது: ஆபத்தா? உலக சராசரியில் இயற்கையே நமக்கு ஆண்டுக்கு சுமார் 2,400 மைக்ரோசீவர்ட் (கதிரளவைச் சொல்லும் அலகு) தருகிறது, ஒரு நாளைக்கு ஆறேழு. வாய்க்குள் எடுக்கும் ஒரு படம் சில மைக்ரோசீவர்ட். ஓ.பி.ஜி. ஏறக்குறைய 10 முதல் 25. சி.பி.சி.டி. பல பத்துகளில் தொடங்கிச் சில நூறு வரை போகலாம். ஆகவே, பயப்பட வேண்டியதில்லை. காரணமில்லாமல் எடுக்கவும் வேண்டியதில்லை. ஈய ஏப்ரன் பற்றி 2024-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் கருத்தை மாற்றிக்கொண்டது. ஏப்ரனும் கழுத்துக் கவசமும் இனி வழக்கமாகத் தேவையில்லை, கதிர்ப்புலத்தைச் சுருக்குவதே முக்கியம் என்றது. ஓ.பி.ஜி.யில் கழுத்துக் கவசம் படத்தையே மறைக்கும் என்பது முன்பே தெரிந்ததுதான்.

படமெடுப்பவர் 2 மீட்டர் தள்ளி, கதிர் போகும் பாதைக்கு வெளியே, பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ நிற்க வேண்டும். தூரம் இரட்டித்தால் கதிர் கால் பங்காகும். சென்சாரை நோயாளியின் வாயில் ஊழியர் விரலால் பிடிப்பது கூடவே கூடாது. குழந்தைக்குப் பிடித்தே ஆக வேண்டுமென்றால் ஏப்ரன் போட்ட அப்பாவோ அம்மாவோ பிடிக்கட்டும், அதுவும் ஹோல்டரின் கைப்பிடியை.

நன்றி, வணக்கம்.