ஈரச் சுவருக்கு ரெயின்கோட்டு

நேயர்களுக்கு வணக்கம். கடற்கரை வீட்டைப் புதுப்பிப்பது பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் குன்னூரில் எங்கள் பக்கத்து வீட்டில் சிரித்துவிட்டார்கள். 6,000 அடி உயரத்தில் இருப்பவளுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்றுதான். ஆனால் தரங்கம்பாடியில் என் அக்கா வீட்டுக்கும் இங்கே என் வீட்டுக்கும் நோய் ஒன்றே. ஈரம். அங்கே உப்புக்காற்று, இங்கே மூடுபனி.

முதலில் என் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். தாத்தா கட்டிய வீடு. செங்கல், சுண்ணாம்புப் பூச்சு. அதன் மேல் சிமெண்ட் பூசி, பளபளவென்று பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டும் அடித்தேன். ஜூன் மழை வந்தது. சுவரெல்லாம் அப்பளம் பொரிந்த மாதிரி கொப்புளம்; குத்தினால் தண்ணீர். சுரண்டி மறுபடி அடித்தேன். ஐப்பசி மழைக்கு மறுபடி கொப்புளம். கடைக்காரர் இன்னும் விலை கூடின டப்பாவை நீட்டியபோதுதான் வயதான ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தேன். அவர் உள்ளங்கையைச் சுவரில் வைத்து, நாடி பார்க்கிற மாதிரி நின்றார். "செவுரு வேர்த்துக் கெடக்கும்மா. அதுக்குப் போயி ரெயின்கோட்டு மாட்டி விட்டிருக்கீங்களே!" என்றார்.

அதைச் சொல்லத்தான் வந்தேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், காற்றடித்தால் விட்டுவிடும். சிமெண்டும் எமல்ஷனும் அதை உள்ளேயே பூட்டிவிடும். அக்கா வீட்டில் ஈரத்தோடு உப்பும் சேரும். தண்ணீர் காய்ந்ததும் உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளும். சுண்ணாம்பு உதிர்ந்தால் அந்த இடத்தில் பூசிக்கொள்ளலாம். சிமெண்ட் செங்கல்லையும் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

சரி, எல்லாவற்றையும் கொத்தி எடுத்தோம். நீற்றிய சுண்ணாம்பு, மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். வீடே நாட்டு மருந்துக்கடை மாதிரி மணந்தது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாக இறுகும். வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். ஊட்டிப் பக்கம் உறைபனி விழுகிற டிசம்பர், ஜனவரியில் தொடங்காதீர்கள், பூச்சு உதிர்ந்துவிடும். அப்புறம் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். ஆக பிப்ரவரி, மார்ச்தான் நமக்கு. மறுபடியும் சொல்கிறேன், மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், எமல்ஷன் வேண்டாம்!

நேரம் முடிகிறது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். மீதியை வேகமாகச் சொல்கிறேன். கடலோரத்தில் கதவுக் கீலுக்கு இரும்பு வேண்டாம், பித்தளை போடுங்கள். கடற்கரை மணலைப் பூச்சில் சேர்க்காதீர்கள். அக்கா வீட்டில் அழகாக இருந்த கோரைப்பாயை இங்கே கொண்டுவந்தேன், ஆடி முடிவதற்குள் பூசணம் பிடித்துவிட்டது. இங்கே காட்டையே அடைத்துக் கிடக்கிறதே உண்ணிச்செடி, அதன் குச்சியை வேகவைத்துத் தோலுரித்து வளைத்தால் பிரம்பு மாதிரியே நாற்காலி செய்யலாம்.

ஜன்னலைப் பற்றி எழுதி வந்த இரண்டு பக்கம் கையிலேயே நிற்கிறது. ஒன்று மட்டும்: பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், ஒரு சாண் இடம் விடுங்கள். வணக்கம்.