ஹவில்தார் என்னும் பொறுப்பு

விழாத் தலைவராக வீற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, என்னை அழைத்து மேடையேற்றிய முன்னாள் படைவீரர் நலச் சங்கச் செயலாளர் அவர்களே, மைதானத்தைத் தந்துதவிய தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் பதக்கங்களோடு அமர்ந்திருக்கும் பெரியவர்களே, அவர்களை எல்லைக்கு அனுப்பிவிட்டு இங்கே குடும்பத்தைத் தாங்கிய தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஹவில்தார் என்ற பதவியின் சொற்பொருள், பணி, நம் ஊர் நினைவுத் தூணில் அதற்குரிய இடம் ஆகிய மூன்றையும் பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். 'ஹவாலா' என்றால் ஒருவரை நம்பி ஒப்படைத்தது. 'தார்' என்றால் அதை உடையவர். தாசில்தாரிலும் ஜமீன்தாரிலும் இருப்பது அதே 'தார்'தான். சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக் என்று படிப்படியாக ஏறி வந்தவர், கையில் மூன்று பட்டை அணிந்து ஹவில்தார் ஆகிறார். அவருக்கு மேலே இருப்பவர் நாயப் சுபேதார். அது இளநிலை அதிகாரிகளின் வரிசை. ஆகவே, சிப்பாய்களோடு உண்டு உறங்கி அவர்களை நடத்திச் செல்வோரில் மூத்தவர் ஹவில்தாரே.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். எங்கள் ஊரில் ஓராண்டு, மேலவீதி முனையில் தேர் திரும்பாமல் நின்றுவிட்டது. ஆளுக்கொரு பக்கம் வடத்தை இழுத்தார்கள். கூச்சலில் யார் சொல்வதும் யாருக்கும் கேட்கவில்லை. மெட்ராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றித் திரும்பியிருந்த என் பக்கத்து வீட்டுப் பெரியவர், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். வடம் பிடித்தவர்களைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்தார். ஒவ்வொரு பத்துக்கும் ஒருவனைப் பொறுப்பாக்கினார். முட்டுக்கட்டை போடுகிறவர்களின் அருகே, முன்சக்கரத்தை ஒட்டித் தாமே நின்றுகொண்டார். அவர் கை உயர்ந்தால் இழுத்தார்கள், தாழ்ந்தால் நிறுத்தினார்கள். விளக்கு வைப்பதற்குள் தேர் நிலைக்கு வந்துவிட்டது. "ஐயா பட்டாளத்தில் பெரிய ஆபீசரோ?" என்று ஒரு பையன் கேட்டான். "இல்லை தம்பி, அவில்தார்" என்றார். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆனால் சக்கரத்தருகே நிற்பவர் அவரைப் போன்றவராக இருக்க வேண்டும்.

1965 போரில் கேம்கரண் பகுதியில், ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பாட்டன் டாங்கிகளை வீழ்த்தி உயிர்நீத்துப் பரம்வீர் சக்கரம் பெற்ற அப்துல் ஹமீது, கம்பெனி குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார். கம்பெனி என்னும் தம் படைப்பிரிவின் உணவுக்கும் உடைக்கும் கிடங்குக்கும் பொறுப்பாளர். 2020-இல் கல்வானில் உயிர்நீத்து வீர் சக்கரம் பெற்ற நம் இராமநாதபுரம் மாவட்டத்துப் பழனி, பீரங்கிப் படை ஹவில்தார்.

தில்லி தேசியப் போர் நினைவிடத்தில் வீரர்களின் பெயரோடு பதவியும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் ஊர் நினைவுத் தூணில் வெறும் பெயர்கள் மட்டுமே உள்ளன. இருபது ஆண்டு உழைத்து ஈட்டிய பதவியைப் பெயரிலிருந்து அறுத்தெடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? இதற்காகவே நான் வீடு வீடாகச் சென்று கையொப்பம் வாங்கினேன். தலைவர் அவர்களே, ஊர் கூடிவிட்டது. மனுவும், பதவிகளைச் சரிபார்த்து எழுதிய பட்டியலும் இதோ இருக்கின்றன. அவற்றைத் தங்களிடம் ஒப்படைக்கிறேன்.