லைட் திடீரென்று பளிச்சென எரிந்தால் உடனே மெயினை இறக்குங்கள்

வணக்கம் மக்களே. ராயபுரத்தில், போர்ஷன் போர்ஷனாக வாடகைக்கு விட்டிருக்கிற ஒரு மாடி வீட்டின் மீட்டர் போர்டுக்கு எதிரே நிற்கிறேன். நேற்று ராத்திரி இங்கே இரண்டு டிவி, ஒரு பிரிட்ஜ் போய்விட்டன. மழையும் இல்லை, இடியும் இல்லை. கீழ்வீட்டில் லைட் மங்கியிருக்கிறது, மாடியில் ஃபேன் தறிகெட்டுச் சுற்றியிருக்கிறது. கரண்ட் ஏறி இறங்குகிறது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே கருகல் வாடை வந்துவிட்டது.

டிவியின் பவர் போர்டைக் கிட்டே காட்டுகிறேன். நீலமாக வில்லை மாதிரி இருக்கிறதே, அதுதான் வேரிஸ்டர், வோல்டேஜ் எகிறினால் அடியைத் தான் வாங்கிக்கொள்கிற பாகம். வெடித்துப் பிளந்து, சுற்றிலும் கரி. பக்கத்தில் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கிறது, பாருங்கள்.

இது நியூட்ரல் கட். பேஸ் என்பது கரண்ட் வருகிற கம்பி, நியூட்ரல் அது திரும்பிப் போகிற கம்பி. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், இரண்டு பேஸுக்கு நடுவே 400 வோல்ட். பொது நியூட்ரல் கழன்றால், வேறு வேறு பேஸில் இருக்கிற இரண்டு போர்ஷனும் அந்த 400-ஐப் பங்கு போட்டுக்கொள்ளும். கீழே அக்கா அயர்ன் பாக்ஸ் போட்டிருந்தால் அங்கே வோல்டேஜ் விழும். மாடியில் வெறும் டிவி ஓடினால் மீதியெல்லாம் அதன் தலையில். சிக்கனமாகக் கரண்ட் எரிக்கிற வீட்டுக்குத்தான் அடி அதிகம். எனக்கு அதுதான் வயிறு எரிகிறது.

"ட்ரிப்பர் இருக்கே தம்பி" என்றார் மாடி வீட்டு அண்ணன். ட்ரிப்பர் என்கிற எம்சிபி ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கரண்ட் லீக்கானால் ஆளைக் காப்பாற்ற. இரண்டுமே வோல்டேஜைப் பார்ப்பதில்லை. அதற்கு ஓவர் வோல்டேஜ் ப்ரொடெக்டர் தனியாக வேண்டும், போர்ஷனுக்கு ஒன்று.

இந்த டெர்மினலைப் பாருங்கள். அலுமினியக் கம்பியோடு காப்பர் வயரை நேராக முறுக்கியிருக்கிறார்கள். கடல் காற்றில் வெள்ளையாகப் பூத்து, சூடேறி, லூசாகிவிட்டது. காசிமேடு, திருவொற்றியூர் பக்கமும் இதே கதைதான். பழைய வீடுகளில் நியூட்ரலிலும் பியூஸ் கேரியர் இருக்கும். அந்தப் பியூஸ் போனாலும் இதே சேதம்தான். வீட்டுக்காரரிடம் சொல்லி, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து அங்கே பியூஸுக்குப் பதிலாக லிங்க், அதாவது உருகாத நேர் இணைப்பு, போடச் சொல்லுங்கள்.

லைட் பளிச்சென எரிந்தாலோ, மங்கினாலோ, டிவியை நிறுத்தப் போகாதீர்கள், மெயினை இறக்குங்கள். மற்ற போர்ஷனுக்கும் குரல் கொடுங்கள். பக்கத்துக் கட்டிடத்திலும் இப்படியே ஆடினால் கோளாறு தெருவில். தெருவோரம் நிற்கிற மின்பெட்டியை, அதாவது பில்லர் பாக்ஸை, யாரும் திறக்க வேண்டாம், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு போன் அடியுங்கள்: 94987 94987.