அரசுக் கட்டடத்தில் பார்வையற்றவர் கடை: தகராறு எழுந்தால் எங்கே முறையிடுவது?

[திரையில்: ஓர் அரசு அலுவலகத்தின் தரைத்தளம், நுழைவாயில் அருகே காப்பிக் கடை]

அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் கட்டடங்களில் காப்பி, சாண்ட்விச், தின்பண்டம் விற்கும் கடைகளை நடத்துவதற்கு, உரிமம் பெற்ற பார்வையற்றவர்களுக்கே முன்னுரிமை. 1936-ல் நிறைவேறிய ராண்டால்ஃப்-ஷெப்பர்டு சட்டம் தந்த உரிமை அது. கட்டடம் கூட்டாட்சித் துறை ஒன்றின் பொறுப்பில் இருக்கும். உரிமம் கொடுத்து, கடையை அமைத்துத் தருவது மாநில அரசின் உரிம முகமை. கல்லாவில் அமர்பவர் பார்வையற்ற வியாபாரி. இப்படி ஒரே கடையில் மூன்று தரப்பினருக்குப் பங்கு இருப்பதால், தகராறு வந்தால் யார்மீது எங்கே முறையிடுவது என்பதிலேயே பலர் திகைத்துவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. அதே கட்டடத்தின் நான்காம் மாடியில் வேறொரு நிறுவனம் தானியங்கி விற்பனை இயந்திரம் வைக்கிறது. கீழே கடையின் வசூல் சரிகிறது. இயந்திரம் கடைக்கு நேரடிப் போட்டி என்றால், துறைக்கு அதிலிருந்து வரும் வருமானம் முழுவதும் மாநில முகமைக்குச் சேர வேண்டும். நேரடிப் போட்டி இல்லையென்றால் பொதுவாக 50 விழுக்காடு. இயந்திரத்தைப் பயன்படுத்தும் ஊழியர்களில் பெரும்பாலோர், நேரத்தாலும் தூரத்தாலும் தடையின்றிக் கடைக்கு வந்துபோக முடியுமா என்பதே இங்குள்ள அளவுகோல். ஆகவே மின்தூக்கி எங்கே இருக்கிறது, இடைவேளை எத்தனை நிமிடம் என்பனவெல்லாம் இந்த வழக்கில் சான்றுகளாகிவிடும்.

[திரையில்: முதல் வழி]

அந்தப் பணத்தை மாநில முகமை கேட்டு வாங்கவில்லை, அல்லது வாங்கியும் உரியபடி பகிரவில்லை என்றால், வியாபாரி முதலில் அந்த முகமையிடமே முழுமையான சாட்சிய விசாரணை கோர வேண்டும். முகமையின் நிதிக் கணக்குகளைப் பார்க்க விதிகள் அவருக்கு உரிமை தந்திருக்கின்றன. விசாரணைக்கு முன்பே அவற்றைக் கேட்டுப் பெறுவது மிக அவசியம். முடிவில் நிறைவில்லையெனில் அவர் அமெரிக்கக் கல்வித்துறைச் செயலரிடம் புகார் அளிக்கலாம். 1974 திருத்தத்தின்படி, அப்போது மூவர் கொண்ட நடுவர் குழு கூட்டப்படும்: ஒருவரை வியாபாரியும் ஒருவரை முகமையும் நியமிக்க, தலைவரை அவ்விருவரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். நடுவர் விசாரணையின் நியாயமான செலவுகளைக் கல்வித்துறைச் செயலரே ஏற்க வேண்டும் என்பது, சிறுகடை நடத்துபவருக்குப் பெரிய ஆறுதல். குழுவின் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். மேல்முறையீடு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகும்.

வென்றவருக்கு இழந்த வருமானம் கிடைக்குமா? இங்கேதான் சட்டம் அவரைக் கைவிடக்கூடும். நடுவர் குழு மாநிலத்தின்மீது இழப்பீடு விதிக்கலாம் என்று, டெலவேர் மாநில வழக்கில் 1985-ல் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (வட்டம் என்பது, ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கீழ் வரும் மாநிலங்களின் தொகுதி.) எட்டாம் வட்ட நீதிமன்றமோ, கூட்டாட்சி நீதிமன்றங்களில் தொடரப்படும் வழக்குகளிலிருந்து மாநிலங்களுக்கு அரசியலமைப்பின் 11-ஆம் திருத்தம் தரும் பாதுகாப்பைச் சுட்டிக்காட்டி, கடந்தகால இழப்புக்குப் பணம் வாங்கித் தர மறுத்தது. ஒரே சட்டத்தின்கீழ் ஒரே வகை நட்டம் அடைந்தவர்களில், வசிக்கும் மாநிலத்தைப் பொறுத்து ஒருவர் பணம் பெறுவதும் மற்றவர் வெறுங்கையோடு திரும்புவதும் நியாயமே அல்ல.

[திரையில்: இரண்டாம் வழி]

தவறு கட்டடத்துக்குப் பொறுப்பான கூட்டாட்சித் துறையுடையது என்றால், நடுவர் குழுவைக் கோரும் உரிமை மாநில முகமைக்கு மட்டுமே உண்டு; வியாபாரி நேரடியாகக் கோர முடியாது. ராணுவ, கடற்படைத் தளங்களில் பர்கர் கிங், மெக்டொனால்ட்ஸ் கடைகளுக்கு ஒப்பந்தம் கொடுத்ததை எதிர்த்துப் பார்வையற்ற வியாபாரிகளின் சங்கம் நேரே நீதிமன்றம் சென்றபோதும், முதலில் நடுவர் வழிமுறையைக் கடந்து வர வேண்டும் என்றே 1986-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆகவே வியாபாரி தம் கோரிக்கையை மாநில முகமையிடம் எழுத்து வடிவில், தேதியுடன் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ள வேண்டும். முகமை அசையாவிட்டால், அந்த மறுப்பையே குறையாக முன்வைத்து முதல் வழியில் விசாரணை கோரலாம்.